செலவும் வரவும்: சென்னைத் துறைமுகத்துக் கப்பற் பயணங்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை

'செலவு' என்னும் சொல் இன்று நமக்குப் பணத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. பழந்தமிழில் அது பயணத்தைக் குறித்தது. புறப்பட எண்ணிய தலைவன் மனம் தளர்ந்து போக்கினைத் தவிர்ப்பதைச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையாகவே வகுத்தனர் நம் முன்னோர். செல்வதும் செலவாவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தற்செயலன்று. ஊரை விட்டுப் புறப்படும் ஒவ்வொருவரும் எதையோ செலவழித்தே புறப்படுகின்றனர். திரும்பி வந்தபோது வரவு எவ்வளவு என்பதே பயண வரலாற்றின் கணக்கு.

இராயப்பேட்டையில் வாழ்ந்து, அங்கேயே தம் சாது அச்சுக்கூடத்தை நடத்திய திரு.வி.க. அவர்கள், தம் ஈழப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு 'எனது இலங்கைச் செலவு' என்று பெயரிட்டார். பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் தந்த அப்பெயரைக் காணும்போதெல்லாம் ஒரு வினா எழும். திரு.வி.க. போன்றோர் தம் செலவை எழுதிவைத்தனர். அவர்தம் காலத்தில் இதே நகரின் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இலட்சக்கணக்கான தமிழர்களின் செலவை எழுதியவர் யார்? நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, இவ்வினாவையே எடுத்துக்கொள்ளத் துணிந்தேன்.

அலையைக் கடத்தல்

சென்னைக்குக் கடல் புதிதன்று. மயிலாப்பூரை ஒரு துறைநகராகத் தாலமி குறித்துள்ளார். ஆயினும் ஆங்கிலேயர் கோட்டை எழுப்பிய கடற்கரை, கப்பல் அணைவதற்கு ஏற்ற இடமன்று. இயற்கையான வளைகுடா இல்லை, ஆற்று முகத்துவாரமும் பயன்படவில்லை, அலையோ ஓயாது. ஆகவே, கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளே ஏற்றியிறக்கின. ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டவை அப்படகுகள். ஆணியடித்த படகு அலையின் அறைதலில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் அருகே வருவர். ஆளுநராயினும் வணிகராயினும், பல்லாயிரங் கல் கடந்து வந்தவருக்கும் பயணத்தின் இறுதி அரைக் கல்லே பேரச்சம் தந்தது. அந்த அரைக் கல்லில் அவர்தம் உயிர் நம் பட்டினவர்களின் கைத்திறனையே நம்பியிருந்தது.

1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமொன்று அமைந்தது. 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பணி முடிவடையும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். 1904 முதல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் தூர்த்த கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். அதன் பின்னரே சென்னை நம்பத்தக்க துறைமுகமாயிற்று.

புறப்படுமுன் ஓரிரவு

கப்பற் பயணம் கப்பலில் தொடங்குவதில்லை. புறப்படுவதற்கு முன் தங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கப்பல் வரும் நாள் திட்டமாகத் தெரியாத காலத்தில் ஓரிரவுத் தங்கல் ஒரு வாரமாக நீள்வதுண்டு. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க'ப் போனவர்கள் தம் இனத்தார் விடுதிகளில் தங்கினர். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர்ப் பக்கத்துச் 'சபுராளி'களுக்கு மண்ணடித் தெருக்களில் உறவும் தொழிலும் இருந்தன. ஏதுமற்றோர்க்குச் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த இராமசாமி முதலியார் சத்திரம் போன்றவை நிழல் தந்தன.

நம் இராயப்பேட்டைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1938இல் கே. கிருஷ்ணராவ் இராமநாதபுரம் அரசருக்குரிய மாளிகையொன்றில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். சைவ உணவு உண்போர் கௌரவமாகத் தங்குவதற்கேற்ற பெரிய விடுதிகள் அரிதாயிருந்த காலம் அது. வெளியூரிலிருந்து வருவோர்க்கு அது நகரின் தலைவாயில் போல விளங்கியது. சேதுவைக் காத்தவர் என்ற பொருளில் சேதுபதி எனப் பட்டம் பூண்ட மரபினரின் மாளிகை, வழிப்போக்கர் தங்கும் மனையாக மாறியது பொருத்தமே. அம்மரபில் வந்த பாஸ்கர சேதுபதிதான், மேலைநாட்டிலிருந்து மீண்ட விவேகானந்தரை 1897 சனவரி 26ஆம் நாள் பாம்பனில் எதிர்கொண்டவர். அடுத்த இரு வாரங்களுக்குள் சென்னை வந்த விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடம், இராயப்பேட்டைக்கு அண்மையிலேயே கடலைப் பார்த்து நிற்கிறது.

தங்குமிடம் கிடைத்த பின் சீட்டு வாங்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குச் சென்னையில் முகவராக இருந்தது பின்னி நிறுவனம். அம்மை குத்திக்கொண்டதற்குச் சான்று, மருத்துவர் பார்வை, பெட்டிகளுக்குப் பெயரெழுதுதல், ஊறுகாய்ச் சாடிக்கு வேடுகட்டுதல் எனப் பணிகள் நீளும். வழியனுப்ப வந்த சுற்றம் குதிரை வண்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் துறைமுகம்வரை தொடரும். 'கப்பலேறுதல்' என்ற சொல்லுக்கு நம் வழக்கில் இரு முகங்கள் உண்டு. செல்வம் தேடப் போனவன் கப்பலேறினான். மதிப்பிழந்தவனின் மானமும் கப்பலேறிற்று. அன்று துறைமுகத்தில் நின்ற கூட்டத்தின் மனத்தில் இவ்விரு பொருளும் சேர்ந்தே இருந்திருக்கும்.

எழுத்தர் ஒருவரின் செலவு

இத்துறைமுகத்தின் பயணிகளுள் நாம் மிக நன்கு அறிந்தவர், அத்துறைமுகத்தின் எழுத்தரே. 1912 மார்ச்சில் முப்பது ரூபாய் மாதச் சம்பளத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் சேர்ந்தவர் சீனிவாச இராமானுசன். குடியிருந்தது இராயப்பேட்டையை அடுத்த திருவல்லிக்கேணியில். கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் ஹார்டி அழைத்தபோது அவர் முதலில் இசையவில்லை. கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. சங்கப் புலவர் பாடிய செலவழுங்கலுக்குக் காரணம் காதல். இங்கே காரணம் குலவழக்கு.

பின்னர் இசைந்தார். அன்னையையும் மனைவியையும் முன்னதாகக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமி களையப்பட்டது. மேலாடையும் காலணியும் பழக்கப்படுத்தப்பட்டன. கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் கற்பிக்கப்பட்டது. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். அவர் போன ஆறாம் மாதம், செப்டம்பர் 22ஆம் நாளிரவு, செர்மானியரின் 'எம்டன்' இதே கடலில் நின்று சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. இராமானுசன் ஐந்தாண்டுகள் கழித்து 1919 மார்ச்சில் பம்பாய் வழியாக நோயுடலுடன் மீண்டார். மறு ஆண்டு மறைந்தார். உலகக் கணிதத்துக்கு வந்த வரவு அளவிடற்கரியது. செலவை அவர் ஒருவரே ஏற்றார்.

கட்டணப் போர்

இராமானுசன் சென்ற கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குரியது. கீழைக்கடல் முழுவதும் அக்கம்பெனியின் கையிலிருந்தது. அதனை எதிர்த்து 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் வ.உ. சிதம்பரனார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்தன; கொழும்புக்கு ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. இறுதியில் வெள்ளையர் கம்பெனி பயணத்தை இலவசமாக்கியதோடு குடையொன்றும் கொடுக்க முன்வந்ததாகச் சொல்வர். இன்று சுற்றுலாக் கப்பல்கள் அறிவிக்கும் சலுகைகளைக் காணும்போது அந்தக் குடை நினைவுக்கு வருகிறது. இலவசமாகத் தரப்படும் குடையின் விலையை வேறு எவரோ கொடுத்துக்கொண்டிருப்பர். அன்று கொடுத்தவர் வ.உ.சி. 1908இல் சிறை, செக்கு; பின்னர்க் கம்பெனியின் முடிவு. 1912இல் விடுதலையான பின் பல்லாண்டுகள் சென்னையில் வறுமையோடு வாழ்ந்தார் அப்பெருமகன்.

தளத்தில் சென்றோர்

சென்னைத் தமிழர் நாவில் நெடுங்காலம் வழங்கிய கப்பற் பெயர் 'ரஜூலா'. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பெற்று, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் வழியில் ஓடியது. இடையே இரண்டாம் உலகப் போரில் படைப்பணி செய்து மீண்டது. 1973 வரை பயணிகளை ஏற்றியது. தொடக்கக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறை எடுத்துச் சென்றோர் ஒரு சிறு தொகையினர். மற்றையோர் அனைவரும் 'டெக்கு' பயணிகள். பாயை விரித்த இடமே வீடு, பெட்டியே சுவர், ஏறத்தாழ ஒரு வாரம் கடலே முற்றம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் நிற்கும், மக்கள் படகேறிச் சென்று கப்பலேற வேண்டும். சென்னையில் மறைந்துவிட்ட மசூலாக் காலம் அங்கே தொடர்ந்தது. புறப்படுமுன் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வது சமயம் கடந்த வழக்கம். அக்கரையில் இறங்கியோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதே ஆண்டவர் பெயரால் எழுந்த தர்காக்களைக் கண்டனர். பினாங்குத் தண்ணீர்மலையில் நகரத்தார் எழுப்பிய முருகன் கோயிலும் அவர்களை வரவேற்றது. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரையே எடுத்துப் போயிருந்தனர்.

ஆனால், கரையிறங்குதல் எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. அறைப் பயணி இடைத்துறையில் இறங்கிக் கடைவீதி பார்த்து, மாலைக்குள் மீள்வார். தோட்டத்துக்கெனத் திரட்டப்பட்ட தொழிலாளி புறப்படுமுன் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் அடைபட்டிருப்பார். சேர்ந்த பின்னும் பினாங்கு அருகே செரஜாத் தீவிலோ சிங்கப்பூர் அருகே செயிண்ட் ஜான்ஸ் தீவிலோ நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்படுவார். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு மண்டபம் முகாம். ஒரே கப்பல்; ஒரே கடல்; ஒருவர்க்குத் தீவு காட்சி, மற்றவர்க்குத் தீவு காவல்.

கடற்செலவு பெண்டிரோடு பொருந்தாது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. அந்தத் தளங்களிலோ கைக்குழந்தையுடன் பெண்கள் அமர்ந்திருந்தனர். இலக்கணத்தை மீறியது காதலன்று, வறுமை. உதவி பெற்றுத் தொழிலாளர் மலேயாவுக்குச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. கிழக்கே பர்மாவில் 1941 திசம்பரில் இரங்கூன் மீது குண்டு விழுந்தபோது, கப்பலில் இடம் கிடைத்தோர் சென்னையில் இறங்கினர். கிடைக்காதோர் பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து நடந்தனர். பலர் வந்து சேரவில்லை. கப்பலில் ஒரு சாண் இடம் என்பது உயிரின் அளவாக இருந்த நாட்கள் அவை.

எழுதிய கை

தமிழில் பயணத்தைப் பதிவு செய்தோருள் தனித்து நிற்பவர் ஏ.கே. செட்டியார். 1911இல் கோட்டையூரில் பிறந்து, இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தி, பின்னர்ச் சென்னையில் 'குமரி மலர்' கண்டவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற 'சமாரியா' என்னும் கப்பலில் அவருக்குக் காந்தியடிகளைப் பற்றிய படமெடுக்கும் எண்ணம் தோன்றியது. மூன்றாண்டுகள் கண்டங்கள் பல கடந்து துண்டுப் படங்களைத் திரட்டினார். 1940இல் சென்னையில் அப்படம் திரையேறியது. கப்பலில் கிடைக்கும் வேலையற்ற பொழுது என்ன ஈனும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

செட்டியாரின் எழுத்தில் வியப்புக் கூச்சல் இல்லை. என்ன கொண்டுபோவது, எவரிடம் எப்படிப் பேசுவது, அயலார் தம்மை எவ்வாறு நடத்தினர் என்பனவற்றைச் சிறு சிறு தொடர்களில் சொல்லிச் செல்வார். தமக்கு முன் எழுதியோரையும் மறவாமல், பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். ஆயினும் அவர் தேடிய இடத்திலும் தளப் பயணியின் எழுத்து அரிதாகவே இருந்திருக்கும். எழுதத் தெரிந்தோர் அறையில் சென்றனர். தளத்தில் சென்றோர்க்கு எழுதத் தெரிந்திருந்தாலும் எழுத மேசை இல்லை.

பெயர் தாங்கிய கப்பல்

வ.உ.சி. பிறந்து நூறாண்டு நிறைந்த 1972இல், பிரெஞ்சு நாட்டில் 1966இல் கட்டப்பட்ட 'பாஸ்தர்' என்னும் கப்பலை இந்தியக் கப்பற் கழகம் வாங்கியது. அதற்கு 'எம்.வி. சிதம்பரம்' என்று பெயரிட்டுச் சென்னை – சிங்கப்பூர் வழியில் ஓடவிட்டது. வெள்ளையர் கம்பெனி விலகிய வழியில் அவர் பெயர் தாங்கிய கப்பல் ஓடியதில் ஒரு நீதி இருந்தது. ஆனால், வானூர்தி அதற்குள் வழியைக் கைப்பற்றத் தொடங்கியிருந்தது. ஒரு வாரப் பயணம் சில மணி நேரமாயிற்று. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் 'சிதம்பரம்' தீப்பற்றியது, பலர் மாண்டனர். அத்தோடு அக்கப்பலின் வாழ்வும், சிங்கப்பூருக்குத் தமிழர் கடல்வழிச் சென்ற நெடுங்கதையும் முடிந்தன. அந்தமானுக்குச் செல்லும் கப்பல்களே சென்னையில் பயணியர் கப்பல் என்ற பெயரைக் காத்து நின்றன.

மீண்டும் ஒரு சங்கொலி

2022 சூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டீலியா' சொகுசுக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். புதுச்சேரி அரசு இசைவளிக்காமையால் பயணிகள் அங்கே கரையிறங்க இயலவில்லை. 2023 சூன் முதல் அக்கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய ஈழத்துத் துறைகளுக்குச் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் படகு விடப்பட்டது.

புதிய பயணிக்கும் பழைய கவலைகளே. முதல்நாள் இரவு எங்கே தங்குவது? வண்டியை எங்கே விடுவது? இடைத்துறையில் கப்பல் ஏற்பாடு செய்யும் உலாவில் சேர்வதா, தனியே போவதா? இவ்வினாக்களுக்கு அனுபவம் தரும் விடை எளியது. முதல்நாளே நகரை அடைந்துவிடுவது நலம். கப்பல் எவருக்காகவும் காத்திராது. வண்டியை வீட்டிலேயே விட்டு வாடகை வண்டியில் போவோர்க்குத் திரும்பும்வரை அதைப் பற்றிய நினைவே இராது. அயல்நாட்டுத் துறை இடையே இருந்தால் கடவுச்சீட்டு தேவை. தனியே கரையிறங்கியவர் நேரந் தவறினால் கப்பல் போய்விடும். கப்பல் நடத்தும் உலாவில் சென்றவர்க்காக அது பொறுத்திருக்கும். தனியே செல்வதற்கு ஒரு சிறப்பும் உண்டு. காங்கேசன்துறையில் இறங்குகிறவர் நம் மொழியிலேயே வழி கேட்கலாம்.

ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. இன்றைய கப்பல் புறப்பட்ட துறைக்கே மீளும் கப்பல். அதில் செல்வோர் திரும்பி வருவோம் என்று அறிந்தே செல்கின்றனர். ரஜூலாவின் தளத்தில் அமர்ந்தோர்க்கு அந்த உறுதி இல்லை. திரும்பும் நாள் தெரிந்த பயணம் உலா. தெரியாத பயணமே செலவு.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் இராயப்பேட்டை வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நெடுநாள் இருந்தது. மூடியில் வெள்ளைச் சாயத்தில் பாட்டனார் பெயரும் 'பினாங்கு' என்ற சொல்லும். அவர் இருமுறை கப்பலேறியவர், தளத்தில் சென்றவர். அப்பயணம் பற்றி அவர் எழுதியது அந்தப் பெட்டி மூடியில் உள்ள அவ்விரு சொற்களே. வீட்டுக்கு வெள்ளையடித்த ஆண்டில் பெட்டி பழைய சாமான்காரனுக்குப் போயிற்று. நானும் அதைத் தடுக்கவில்லை. எடைக்கு என்ன கொடுத்தான் என்பது நினைவில்லை. அந்தச் செலவை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதத் தெரியவில்லை.

இம்மலரைக் கையில் ஏந்தும் உறுப்பினர் பலர் வீட்டிலும் அத்தகைய பெட்டியொன்று இருந்திருக்கும். சிலர் வீட்டில் இன்னும் இருக்கும். ரஜூலாவில் குழந்தையாகச் சென்றோரும் சிதம்பரத்தில் பணியாற்றியோரும் இன்று முதுமையில் உள்ளனர். நம் வட்டம் பத்தாண்டுகளாகக் கவியரங்குகளும் நூலாய்வுகளும் நடத்தி வந்துள்ளது. பதினோராம் ஆண்டில் மாதம் ஓர் அமர்வை இம்முதியோர் சொல் கேட்பதற்கென ஒதுக்கலாகாதா? அவர்கள் சொல்வதைச் சொன்னவாறே எழுதிவைப்போம். பாட்டாக்குவது பிறகு ஆகட்டும், முதலில் கேட்போம்.

கடற்புறத்துக் காவியங்களுக்கு நம் இலக்கியத்தில் குறைவில்லை. மணிமேகலை தீவுக்குச் சென்று அமுதசுரபியுடன் மீண்டாள். சாதுவன் கலம் உடைந்தும் உயிர் தப்பி ஆதிரையிடம் வந்தான். மீண்டவர் கதையைச் சாத்தனார் எழுதினார். மீளாதவர் கதையும், மீண்டும் பேசாதவர் கதையும் நமக்காகக் காத்திருக்கின்றன. செலவு எழுதப்பட்டால்தான் வரவு விளங்கும்.